காண்டாக்ஸ் ஜி1-இல் பாதிப் படம் ஃபோகஸ் இல்லாமல் வருகிறது: கேமராவின் கோளாறா, என் கோளாறா?

மொகல் தெரு மணி, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். பயின்னாங் மண்டியில் உளுந்து, துவரைக் கணக்கு எழுதுகிறவன் நான். ஃபோட்டோகிராஃபி படித்தவன் இல்லை, ஆசைதான்.

பாங்காக்கில் இருக்கும் என் தாய்மாமா போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு காண்டாக்ஸ் ஜி1-உம் 45 மில்லிமீட்டர் பிளானார் லென்ஸும் கொண்டுவந்து கொடுத்தார். “ஃபிலிம் கேமராவிலேயே பணக்கார ஜாதி இது. தானாக ஃபோகஸ் பண்ணும், லென்ஸையும் கழற்றி மாற்றலாம், நீ அமுக்கினால் போதும்” என்றார். அமுக்கினேன். மூன்று ரோல் ஓடிவிட்டது.

முதல் ரோல் அனோரத்தா சாலை காளி கோயிலில். கோபுரம் முழுக்கத் துணி போர்த்திய மாதிரி மங்கல். இரண்டாவது ரோலைச் சுற்று ரயிலில் எடுத்தேன். நண்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் முகம் கரைந்து கிடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே யாரோ கொடியில் காயப்போட்ட லுங்கியின் கட்டம் மட்டும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு! மூன்றாவது டல்லா போகும் படகில் எடுத்தது. அதில் நாலைந்து படம் பிரமாதம், மற்றதெல்லாம் குப்பை. எது ஏன் நன்றாக வந்தது என்றே பிடிபடவில்லை.

குழப்பம் என்னவென்றால், வியூஃபைண்டரில் பார்க்கும்போது எல்லாமே பளிச்சென்றுதான் தெரிகிறது. மங்கலாகத் தெரிந்திருந்தால் அமுக்கியிருக்கவே மாட்டேனே. ரோல் கழுவிய இடத்தில் கேட்டேன். “பழைய சாமான், ரிப்பேர் பண்ண ஆள் இல்லை” என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அவசரம் ஏன் என்றால், பெகுவுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக் கோயிலில் இன்னும் ஐந்து வாரத்தில் தீமிதி. அப்பாயி இந்த வருஷமும் பால்குடம் எடுக்கிறார், அநேகமாக இதுதான் கடைசி என்று அவரே சொல்கிறார். போன் படத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு போன் செத்து, இரண்டு வருஷத் திருவிழாப் படமும் அதோடு போன வீடு எங்களுடையது. “காகிதத்தில் வர்ற படம் எடுடா” என்கிறார். இந்தக் கேமராவை நம்பிப் போகலாமா?

டல்லா படகு, ரங்கூன்

நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விற்றுவிடுங்கள். இந்தக் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் அளந்து ஃபோகஸ் பண்ணும் வகை என்பார்கள், அப்படிச் சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் நடுவில் இரட்டை உருவம் தெரிய வேண்டும், லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஜி1 லென்ஸில் ஃபோகஸுக்காகத் திருகும் வளையமே இல்லை. மோட்டார் இழுத்த இழுப்புக்கு லென்ஸ் போகும், நாம் வேடிக்கை பார்க்கலாம். வருகிற காசில், லென்ஸ் வழியாகவே பார்த்துக் கையால் ஃபோகஸ் பண்ணும் ஜப்பான் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கினால் மிச்சப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு ஃபிலிம் வாங்கலாம்.

மோல்மீன் தாத்தா, மோல்மீன்

தம்பி மணி, விற்காதீர்கள். படகுத் தம்பி சொன்னதில் பாதி சரி. இரட்டை உருவம் தெரியாது, உண்மை. ஆனால் உள்ளே நடப்பது அதே வேலைதான். முகப்பில் மேலே இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதல்லவா? ஒரே பொருளை இரண்டு இடத்திலிருந்து பார்த்து, இரண்டு பார்வைக்கும் எவ்வளவு விலகல் என்று கணக்குப் போட்டுத் தூரத்தைச் சொல்கிறது. உங்கள் கண் செய்யவேண்டிய வேலையை ஒரு சில்லு செய்கிறது, அவ்வளவே. பெயர் என்னவாக இருந்தால் என்ன, தூரம் அளக்கிற கருவி இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் மூன்று ரோலுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

நான் 18 வருஷம் கப்பலில் இருந்தவன். 1999-இல் சிங்கப்பூரில் கப்பல் நின்ற நாலு நாளில் ஜி1 வாங்கினேன். பெனின்சுலா பிளாசாவில் நம் நாட்டுக்காரர்கள் கூடுவார்கள், மோகிங்கா கிடைக்கும். பக்கத்துக் கட்டடத்தில் பழைய கேமராக் கடைகள். சாப்பிடப் போனவன் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வாங்கிய திட்டைக் கேட்காதீர்கள். பிறகு ஜி2-உம் வாங்கினேன். இந்த ஊரிலிருந்து மார்த்தபானுக்குப் படகில்தான் போகவேண்டியிருந்த காலத்தை அந்த ஜி1-ஆல்தான் எடுத்து வைத்திருக்கிறேன். 2005-இல் பாலம் திறந்தார்கள், படகுத்துறைக் கூட்டம் கலைந்தது. அதே 2005-இல்தான் காண்டாக்ஸ் தயாரிப்பை நிறுத்துவதாக அதைச் செய்துவந்த கியோசெரா கம்பெனியும் அறிவித்தது. ஜி1 வந்தது 1994-இல், ஜி2 1996-இல். ஆக இந்த வரிசை வாழ்ந்ததே பத்துப் பதினோரு வருஷம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றீர்கள். தெரியத்தான் செய்யும். நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, தனியாக வைத்த ஒரு ஜன்னல் வழியாக. லென்ஸுக்குத் தக்கபடி அது தானே பெரிதாகும், சிறிதாகும், ஆனால் ஃபோகஸ் சரியா தப்பா என்று சொல்லாது. மூடியைக் கழற்ற மறந்தாலும் ஊர் உலகமெல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். நான் ஒரு கல்யாணத்தில் மூடியோடு ஏழு படம் எடுத்தவன், எந்தக் கல்யாணம் என்று சொல்லமாட்டேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வியூஃபைண்டரின் அடியில் தூரத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. பட்டனைப் பாதி அழுத்தியதும் அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் நண்பன் ஐந்தடி தூரத்தில் இருக்கிறான், கோல் முடிவிலிப் பக்கம் போய் நிற்கிறது என்றால் கேமரா அவனை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்தக் கேமராவோடு நான் கழித்த காலத்தில் படத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அந்தக் கோல் சொல்வது சரியா என்று தெரிய, தூரத்தை நீங்களும் கண்ணால் மதிக்கக் கற்கவேண்டும். நாம் அடிக்கணக்கு ஆட்கள். மனை என்றால் நாற்பதுக்கு அறுபது என்போம், மீட்டரில் கேட்டால் விழிப்போம். மூன்று எண் போதும்: 1 மீட்டர் என்றால் மூன்றேகால் அடி, ஒன்றரை மீட்டர் என்றால் ஐந்தடி, 3 மீட்டர் என்றால் பத்தடி. வீட்டுச் சுவரில் கட்டம் போட்ட லுங்கி ஒன்றைத் தொங்கவிடுங்கள், டேப் வைத்துத் தரையில் இந்த மூன்று இடத்திலும் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். ஃபிலிம் வேண்டாம். ஒவ்வொரு கோட்டிலும் நின்று பாதி அழுத்திக் கோலைப் பாருங்கள். ராத்திரி பத்து நிமிஷம் வீதம் ஒரு வாரம் செய்தால் போதும். செலவு பேட்டரி மட்டுமே.

இப்போது காளி கோயில். இது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்தால் அந்த இரண்டு ஜன்னலும் இடமும் வலமுமாக இருக்கின்றன. இடவல விலகலைக் கண்டுபிடிக்க அதற்கு நிற்கிற கோடு வேண்டும். தூண், கதவு விளிம்பு, மனிதனின் தோள், மரம், இவையெல்லாம் நல்ல பிடி. படுத்த கோட்டை எவ்வளவு இடவலமாக நகர்த்தினாலும் அதே கோடாகத்தான் தெரியும், எதை வைத்து அளக்கும்? கோபுரம் அடுக்கடுக்காக ஏறுகிற படுத்த கோடு. கோயில் படிக்கட்டும் அப்படித்தான். படகின் கைப்பிடிக் கம்பி, தகரக் கூரை விளிம்பு, ஆற்றின் மறுகரை எல்லாம் அதே கதி. உங்கள் டல்லா ரோலில் நன்றாக வந்த நாலைந்து படத்தை எடுத்துப் பாருங்கள், நடுவில் ஒரு ஆளோ கம்பமோ நின்றிருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

இதற்கு வழி சுலபம். கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். படுத்த கோடு இப்போது அதற்கு நின்ற கோடாகிவிடும். பாதி அழுத்தி அளந்து, விரலை எடுக்காமல் மறுபடி படுக்கை வாட்டுக்குத் திருப்பி முழுதாக அழுத்துங்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஸ்டியரிங் ஓட்டுகிற மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

கோடே இல்லாத இடமும் உண்டு. சுண்ணாம்புச் சுவர், மேகம் மூடிய வானம், ரோஜா நிற அங்கி போட்ட பெண் துறவிகளின் முதுகு. முதுகில் அளக்காதீர்கள், அவர்கள் பிடித்திருக்கும் குடையின் விளிம்பில் அளங்கள். முகம் என்றால் கன்னத்தில் வேண்டாம், தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னமாக இருந்தால் அதன் ஓரக்கோடு ஓரளவு பிடி கொடுக்கும். கண்ணோ மூக்குக்கண்ணாடிச் சட்டமோ கிடைத்தால் அதுவே நல்லது.

சுற்று ரயிலில் உங்கள் நண்பன் கரைந்ததற்குக் காரணம், நடுவில் உள்ள அளவுக்குறி அவன் மேல் இல்லை என்பதுதான். அவனை ஓரத்தில் வைத்து அழகாக அமைத்திருப்பீர்கள், நடுவில் ஜன்னல் இருந்திருக்கும், ஜன்னலுக்கு வெளியே லுங்கி. அதுவும் கட்டம் போட்ட லுங்கி. கேமராவுக்கு அதைவிடப் பிடித்த பொருள் உலகத்தில் இல்லை! முதலில் அவன் கண்ணை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, பிறகு நகர்த்தி அமைத்திருக்க வேண்டும்.

எஃப் 2-இல், அதாவது லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்து, எடுத்தீர்களா? 45 லென்ஸில் எஃப் 2 வைத்து ஐந்தடி தூரத்தில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஐந்து அங்குலம்தான். துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்துப் பத்தடியில் ஃபோகஸ் செய்தால் சுமார் ஏழடியிலிருந்து பதினைந்தடி வரை நன்றாக இருக்கும். பகலில் தெருவில் நான் எஃப் 8-ஐவிட்டு நகர்வதில்லை. ஆட்டோவை அணைத்து, மேலே உள்ள ஃபோகஸ் டயலில் 3 மீட்டர் வைத்துவிட்டு நடப்பேன். படகுத் தம்பிக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

தீமிதிக்கு ஒரு எச்சரிக்கை. பாதி அழுத்தும்போது கேமரா தூரத்தை அளக்கிறது, லென்ஸ் அந்தத் தூரத்துக்கு ஓடுவது முழுதாக அழுத்திய பிறகுதான். கர்ர் என்று ஒரு சத்தம் வருவது அதுதான். அந்தச் சின்னத் தாமதத்துக்குள் குழியில் ஓடி வருகிறவர் இரண்டடி வந்துவிடுவார். ஆகவே அவர் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே தூரத்தை வைத்துக்கொண்டு, வந்து சேர்வதற்கு ஒரு நொடி முன்பே அழுத்துங்கள். அப்பாயி பால்குடத்தோடு மெதுவாகத்தான் வருவார், அவரை எடுப்பதில் இந்தத் தொல்லை இருக்காது.

பெகு செல்வி, பெகு

தாத்தா சொன்னதற்கு மேல் ஃபோகஸ் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேறு இரண்டு விஷயம் மட்டும்.

மணி, அந்த இரண்டு சின்ன ஜன்னலையும் துடைக்கிறீர்களா? என்னிடம் ஒரு அண்ணன் இதே மாதிரிக் கேமராவைக் கொண்டுவந்து ஃபோகஸே வரவில்லை என்றார். பார்த்தால் ஒரு ஜன்னல் முழுக்கக் கைரேகை, வேர்வை. இன்னொன்றின் மேல் படம் எடுக்கும்போது விரலையே வைத்திருந்தார். இரண்டு கண்ணில் ஒன்றைப் பொத்திவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் எப்படி? லென்ஸைக் கழற்றும்போது தங்க நிறத் தொடுபுள்ளிகளையும் காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள்.

இன்னொன்று பூஞ்சை. ஆனியிலிருந்து ஐப்பசி வரை நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸ் தாங்காது. ஈரத்தை உறிஞ்சும் மின்சாரப் பெட்டி வாங்கலாமே என்பார்கள், கரண்ட் இருக்கிற நேரத்தை எண்ணிப் பார்த்தால் அதில் அர்த்தமில்லை. இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒரு தடவை வாணலியில் வறுத்து மறுபடி போடுங்கள். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள், தோல்தான் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் அப்படி ஒரு 90 லென்ஸைப் பறிகொடுத்தவள்.

பேட்டரி சி.ஆர்.2, இரண்டு வேண்டும். கிராமத்தில் கிடைக்காது. திருவிழாவுக்குப் போகும்போது இன்னொரு ஜோடியைச் சட்டைப் பையில் வையுங்கள், இது செத்தால் கேமரா செங்கல்தான், ஒரு படம்கூட எடுக்காது.

மொகல் தெரு மணி, ரங்கூன்

தாத்தா, செல்வி அக்கா, ரொம்ப நன்றி. பந்தயத்தில் தாத்தா ஜெயித்துவிட்டார். டல்லா ரோலில் நன்றாக வந்த ஐந்து படத்தில் நாலில் நடுவில் ஆள் நிற்கிறார், ஐந்தாவதில் கொடிக்கம்பம்.

லுங்கி தொங்கவிட்டுப் பழகுகிறேன். அம்மா முதலில் பயந்துவிட்டார். ஆறாவது நாளில் கோலைப் பார்ப்பதற்கு முன்பே ஐந்தடி என்று சொல்ல வந்துவிட்டது. அளவும் மூன்று கோட்டிலும் சரியாகவே நிற்கிறது, ஆக கேமராவில் கோளாறு இல்லை.

ஒரு கேள்வி. மாமா இப்போது 90 சோனாரும் 35 பிளானாரும் விலைக்கு இருக்கிறது, எது வேண்டும் என்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுக்க 90 நல்லதா?

மோல்மீன் தாத்தா, மோல்மீன்

35 வாங்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து ஃபிலிம் வைக்கிற இடத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பச்சைச் சீட்டு என்றால் 35-உம் 21-உம் வேலை செய்யும். இல்லையென்றால் அந்த ஜி1 இவற்றை ஏற்காது, காசு வீண். 35-இலிருந்து 70 வரை போகும் ஜூம் லென்ஸ் ஜி2-க்கு மட்டும்தான், யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

90 அருமையான லென்ஸ், ஆனால் இந்தத் திருவிழாவுக்கு வேண்டாம். எஃப் 2.8-இல் பத்தடியில் எடுத்தால் தெளிவு ஏழு அங்குலம் அளவுக்குத்தான். அளவில் கொஞ்சம் தவறினாலும் மூக்கு தெளிவாக, கண் மங்கலாக வரும். ராத்திரி, புகை, அனல், கூட்டத்தின் தலைகள் வேறு. 45 போதும், முன்னால் போய் நில்லுங்கள். பேரன்தானே, யார் தடுக்கப் போகிறார்கள்? குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற 400 ஃபிலிம் போடுங்கள். தீக்குழி முழுக்கப் படத்தில் வந்தால் கேமரா வெளிச்சம் ஜாஸ்தி என்று ஏமாந்து ஆளை இருட்டடித்துவிடும், எக்ஸ்போஷர் திருத்த டயலில் பிளஸ் 1 வையுங்கள்.

போகும் வழியில் பாலம், சோதனைச் சாவடி பக்கம் கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள், பையில் போடுங்கள்.

மொகல் தெரு மணி, ரங்கூன்

திருவிழா முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ரோல் நேற்றுத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன்.

36-இல் 27 சரியாக இருக்கிறது. தீமிதிப் படம் ஆறில் இரண்டுதான் தேறியது, மற்றதில் நான் தாமதமாக அழுத்தியிருக்கிறேன். ஒன்றில் குழியும் தணலும் மட்டும் இருக்கிறது, ஆள் தாண்டிப் போய்விட்டார்! தாத்தா சொன்ன அந்த ஒரு நொடி முன்பு என்பது கைக்கு வர இன்னும் பல ரோல் ஆகும் போல.

அப்பாயி படம் வந்துவிட்டது. குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணியின் நூல்கூடத் தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சம், எஃப் 2, ஐந்தடி, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் அளந்தேன். கோல் ஒன்றரையில் வந்து நின்ற பிறகுதான் அமுக்கினேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் ரொம்ப நேரம் பார்த்தார். நான் பெருமையோடு நிற்கிறேன். படத்தில் தன் தோளுக்குப் பின்னால் கரைந்து கிடக்கும் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்து, “இது யாருடா, தட்டோன்லேருந்து வந்த நம்ம சின்னாத்தா மகளா? தெளிவாத் தெரியலியே” என்கிறார்.

எஃப் 2, அப்பாயி, ஆழம் ஐந்து அங்குலம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருஷமும் குடம் எடுக்கிறாராம், அப்போது எல்லோரும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்கிறார். ராத்திரியில் எஃப் 8-க்கு என்ன வழி, தாத்தா? ஃபிளாஷ் வாங்கத்தான் வேண்டுமா?